முள்ளும் தண்ணீரும்

“முள்ளு நிக்க மாட்டேங்குதுங்க, ஏறுது, எறங்குது, மறுபடியும் ஏறுது” என்று சொல்லிக்கொண்டு, பழைய காரைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களை, முதலில் சேலத்திலும் பிறகு நாமக்கல்லிலுமாக, நாற்பது வருஷங்களுக்கு மேலாகப் பார்த்து வந்திருக்கிறேன். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, கியர் விழ மறுக்கிறது என்று வருகிறவர்களிடம் காணப்படாத ஒரு கலக்கம் இவர்களுடைய முகத்தில் குடிகொண்டிருக்கும். வந்தால் வந்தபடியே நிற்கிற பழுதுக்கு மனிதன் தன் மனத்தைத் தயார் செய்துகொண்டுவிடுவான். வருவதும் போவதுமாக இருக்கிற பழுதோ, இன்றைக்கு வருமா, பாதி வழியில் வருமா, குடும்பத்தோடு போகும்போது வருமா என்ற ஓயாத விசாரத்தை உண்டாக்கி, பிரயாணத்தின் சந்தோஷத்தையே கெடுத்துவிடும்.

எங்கள் பக்கத்து பூமியை அறிந்தவர்களுக்கு இந்தக் கலக்கத்தின் நியாயம் விளங்கும். சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று குன்றுகள் சூழ்ந்து நிற்கிற சேலத்தில், சித்திரை வைகாசி மாதங்களில், பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருக்கும். அங்கிருந்து தெற்கே நாமக்கல் சமவெளிக்கு வந்தால், ஊர் நடுவே ஒற்றைக் கல்லாக எழுந்து நிற்கிற மலைக்கோட்டையின் அடிவாரத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு நடக்கிறவனுக்குக் கல்லின் அனல் முகத்தில் அறையும். லாரிக்குப் பாடி கட்டுகிற தொழிலுக்குப் பேர்போன நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோடு, லாரித் தொழிலிலேயே வளர்ந்த சங்ககிரி என்று, வண்டியை நம்பியே குடும்பங்கள் வாழ்கிற இந்த வட்டாரத்தில், இஞ்சின் கொதித்த கதை ஒன்று அடிபடாத டீக்கடைப் பேச்சே கிடையாது.

நான் 1969ஆம் வருஷம், பதினான்கு வயதில், செவ்வாய்ப்பேட்டைக்குச் சமீபத்தில் இருந்த ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே மேஸ்திரியாக இருந்தவர் எங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவன் பெரியவன் எல்லாருமே அவருக்குக் ‘கண்ணு’தான். அந்தக் காலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தவை பெரும்பாலும் மூன்றே ஜாதி வண்டிகள்: உத்தரபாராவில் செய்யப்பட்ட அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த பியட், நம் சென்னைக்குப் பக்கத்தில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுக்கும் குணம் வேறு. ஆனாலும் மூன்றிலும் இஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடியது. அந்தத் தண்ணீரின் உஷ்ணத்தை ஓட்டுகிறவருக்குச் சொல்வதற்கு டேஷ்போர்டில் ஒரு முள் இருந்தது.

சேர்ந்த சில மாதங்களில் ஒருநாள், ஒரு அம்பாசிடரின் முள் கண்ணெதிரே ‘சி’ என்ற எழுத்திலிருந்து ‘ஹெச்’ என்ற எழுத்துக்குத் தாவி, அடுத்த கணமே பழைய இடத்துக்கு வந்து விழுந்ததைக் கண்டு, நான் பயந்து கூவிக்கொண்டு ஓடினேன். மேஸ்திரி எழுந்திருக்கவில்லை, கையிலிருந்த ஸ்பேனரைக் கூடக் கீழே வைக்கவில்லை.

“கண்ணு, உங்கம்மா அடுப்புல வெச்ச உலை, நீ கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கொதிச்சிருமா?”

“கொதிக்காதுங்க.”

“கொதிக்கிற உலை, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஆறிப்போயிருமா?”

“ஆறாதுங்க.”

“அப்பறம் அந்த முள்ளு மட்டும் எப்படிக் குதிக்கும்? தண்ணி குதிக்காது கண்ணு. ஒயருதான் குதிக்கும்.”

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் என் தொழிலின் இந்தப் பகுதி முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. பல லிட்டர் தண்ணீரும் அதைச் சூழ்ந்த கனத்த இரும்பும் சேர்ந்து சூடேறுவதற்கு ஒரு காலம் பிடிக்கும், ஆறுவதற்கு அதைவிட அதிக காலம் பிடிக்கும் என்பது பிரகிருதியின் நியதி. ஆகையால் முள் எவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்பதற்கு முன்னால், எவ்வளவு வேகமாகப் போயிற்று என்று கேட்கவேண்டும். கணத்தில் தாவுகிற முள், தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை, தன்னைப் பற்றியே பேசுகிறது. நிமிஷக் கணக்கில் ஏறி நிமிஷக் கணக்கில் இறங்குகிற முள் சொல்வதை, எழுந்து நின்று கேட்கவேண்டும்.

முள்ளுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிகப் பழைய வண்டிகளில், இஞ்சினுக்குள் செருகிய ஒரு சின்னக் குமிழிலிருந்து தலைமயிர் போன்ற துவாரமுள்ள செப்புக்குழாய் ஒன்று டேஷ்போர்டு வரையில் ஓடும். குமிழுக்குள் இருக்கிற, எளிதில் ஆவியாகும் திரவம் சூட்டினால் அழுத்தம் கொடுக்க, மீட்டருக்குள் வளைந்து கிடக்கிற ஒரு தட்டைக் குழல் அந்த அழுத்தத்தால் சற்றே நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். 1849இல் பிரெஞ்சு தேசத்து யூஜின் பூர்தோன் கண்டுபிடித்த குழல் அது. பிற்காலத்து வண்டிகளில் இந்தக் குழாய்க்குப் பதிலாக மின்சாரம் வந்தது. இஞ்சினில் திருகியிருக்கிற சென்சாருக்குள் உள்ள பொருள், சூடேற ஏறத் தன் தடையைக் குறைத்துக்கொள்ளும். தடை குறையக் குறைய மின்சாரம் அதிகமாய் ஓடி முள்ளை மேலே ஏற்றும். இது ஒன்று தெரிந்தால் போதும், பாதி விசாரணை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றினால் முள் அடியில் விழவேண்டும். கழற்றிய ஒயரின் நுனியை இஞ்சின் இரும்பில் ஒரே ஒரு கணம் தொட்டால் முள் உச்சிக்கு ஏறவேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரும் ஒயரும் குற்றமற்றவை.

தாவுகிற முட்களுக்கு நான் கண்ட காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. தோல் உரிந்த ஒயர், இஞ்சின் அதிர்கிறபோதெல்லாம் இரும்பைத் தொட்டுவிட்டுப் பிரியும். அப்போதெல்லாம் முள் உச்சிக்குப் பாயும். தண்ணீர் கசியக்கூடாதென்று யாரோ சென்சாரின் மரைக்கு வெள்ளை டேப்பைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றிவிட, அதற்குக் கிடைக்கவேண்டிய எர்த் கிடைக்காமல் முள் பாதியிலேயே மயங்கி நிற்கும். ஒருமுறை ஒரு வக்கீலின் வண்டியை ஐந்து ரோட்டுப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது, திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டேன். அந்த விளக்கு மினுக்கும் தாளத்துக்கே முள்ளும் மேலும் கீழுமாக அசைந்தது. விளக்கை அணைத்தேன், முள் நின்றது. டேஷ்போர்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த ஒரு எர்த் திருகாணியைச் சுரண்டி முடுக்கியதோடு வைத்தியம் முடிந்தது. மீட்டர்களுக்குச் சமமான மின்சாரம் கொடுப்பதற்கென்று 12 வோல்ட்டை 10 வோல்ட்டாக ஆக்குகிற ஒரு சிறிய ஸ்டெபிலைசர் சில வண்டிகளில் உண்டு. அது கெட்டால், டெம்பரேச்சர் முள்ளோடு பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறும். பெட்ரோல் தானாகப் பெருகாது என்பது குழந்தைக்கும் தெரியுமாதலால், ஒரு முள் பொய் சொல்கிறதா என்று சந்தேகம் வந்தால் பக்கத்து முள்ளைக் கேள் என்பதை என் பையன்களுக்கு எப்போதும் சொல்வேன்.

மெதுவாக ஆடுகிற முள்ளின் விஷயம் வேறு. அங்கே முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறது தெர்மோஸ்டாட். இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வாசலில் நிற்கிற கதவு அது. ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் அடைபட்டிருக்கிற மெழுகு, ஏறக்குறைய 82 டிகிரியில் உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அந்த மெழுகுக்கு வயதானாலும், கதவின் தண்டில் துரு ஏறினாலும், திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காமல் முள் மேலே மேலே போய், திடீரென்று கதவு விட்டுக்கொடுத்துத் திறந்ததும் ரேடியேட்டரில் காத்திருந்த குளிர்ந்த நீர் உள்ளே புகுந்து, முள் இறங்கும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஒரே ஒருமுறை இப்படி ஏறி இறங்கினால் அது சகஜம். வழியெல்லாம் ஏறி இறங்கினால் அது நோய். கழற்றி எடுத்த தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாதபடி தண்ணீரில் தொங்கவிட்டு, கூடவே ஒரு தெர்மாமீட்டரையும் வைத்து அடுப்பை மூட்டினால், கதவு எந்த டிகிரியில் கண் திறக்கிறது என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். பிரத்தியட்சம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அனுமானத்தைக் கொண்டு புதுச் சாமான் வாங்கச் சொல்வது, வாடிக்கைக்காரருக்குச் செய்கிற துரோகம் என்றே நான் கருதுகிறேன்.

இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம், இளம் வயதில் நானே செய்த ஒரு தவறு. எங்கள் ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வேண்டியதில்லை, கழற்றி எறிந்துவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்ற அபிப்பிராயம் அக்காலத்தில் பட்டறைதோறும் நிலவியது. நானும் மேஸ்திரியைக் கேளாமல் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரின் வண்டியில் அப்படியே செய்தேன். முள் அடியிலேயே படுத்துக்கொண்டது. அவரும் சந்தோஷப்பட்டார், நானும் சந்தோஷப்பட்டேன். ஆறு மாதம் கழித்து, பெட்ரோல் முன்னிலும் அதிகம் செலவாகிறது என்று வண்டி திரும்பி வந்தபோது, மேஸ்திரி ஆயில் மூடியைத் திறந்து, அதன் அடியில் சேர்ந்திருந்த கருமையான சேற்றை என் விரலில் தடவிவிட்டார். இஞ்சின் தனக்கு உரிய சூட்டை அடையவே இல்லை. அடையாததால் பெட்ரோல் முழுதும் எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கியிருக்கிறது. “காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல் தெரியக்கூடாதுன்னு நீ அவனையே ஐஸ்ல படுக்க வெச்சிட்ட கண்ணு” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது தெர்மோஸ்டாட்டுக்கு உண்டான பணத்தை என் கூலியில் பிடித்துக்கொண்டார். அது நியாயமே.

முள் இறங்குவதும் ஆபத்தாக இருக்கக்கூடும் என்பதை எனக்குக் கற்பித்தது ஏற்காட்டு மலைப்பாதை. சேலத்திலிருந்து மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, அடிவாரம் வந்து, 20 கொண்டையூசி வளைவுகளில் ஏறி, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊரை அடையவேண்டும். 1974ஆம் வருஷம் கோடையில் ஒரு பியட் வண்டி பாதி மலையில் நின்றுவிட்டதாகச் சேதி வர, மேஸ்திரியும் நானும் சாமான் பையோடு பஸ் ஏறிப் போனோம். வண்டிக்காரர் மிகவும் நிதானமானவர். முள்ளைக் கவனித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். பத்தாவது வளைவில் முள் ‘ஹெச்’சை நெருங்கியிருக்கிறது, நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே மளமளவென்று இறங்கியிருக்கிறது. ஆண்டவன் காப்பாற்றினான் என்று எண்ணிக்கொண்டு அவர் மேலும் நாலைந்து வளைவுகள் ஏறியிருக்கிறார். அதன்பின் ஒரு கரகரப்பு, ஒரு தீய்ந்த வாடை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான்: மேல் ஹோஸில் விரல்நகம் அளவு ஒரு வெடிப்பு; அதன் வழியாகத் தண்ணீர் வளைவுக்கு வளைவு சீறி வெளியேறிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் இருந்த வரையில் சென்சார் அதில் நனைந்து உண்மையைச் சொல்லிற்று; தண்ணீர் தீர்ந்து சென்சார் வெறும் காற்றிலும் ஆவியிலும் தொங்கியபோது, இஞ்சின் தகித்துக்கொண்டிருக்க, முள் குளிர்ச்சி என்று காட்டிற்று. சாட்சி பொய் சொல்லவில்லை. தான் பார்க்கக்கூடியது இல்லாமல் போன இடத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஹெட் வளைந்து, பிஸ்டன் பிடித்து, அந்த வண்டி பழைய நிலைக்கு வர மூன்று மாதம் ஆயிற்று. வெயில் சாய்ந்த அந்த வளைவில், சூடு தணியாத பானெட்டின் அருகே நின்றுகொண்டு, “முள்ளு எறங்கிருச்சேன்னுதானுங்க போனேன்” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. காரணமில்லாமல் ஏறுகிற முள்ளுக்கு வண்டியை நிறுத்துகிறோம். காரணமில்லாமல் இறங்குகிற முள்ளுக்கும் அவசியம் நிறுத்தவேண்டும்.

நிறுத்திய பிறகும் பொறுமை வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கிற வரையில், சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்குகிற மூடியானால், உள்ளே இருக்கிற தண்ணீர் ஏறக்குறைய 111 டிகிரி வரையில் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் போய்விட, சமவெளியில் 100 டிகிரியிலும் ஏற்காட்டு உயரத்தில் 95 டிகிரியிலும் கொதிக்கவேண்டிய நீர் முழுவதும் ஒரேயடியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். இந்தப் பொங்கலில் முகமும் மார்பும் வெந்தவர்களை நான் ஒருவர் இருவர் அல்ல, பலரைப் பார்த்திருக்கிறேன். மேலே வெறும் கையை வைத்தால் பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவு ரேடியேட்டர் ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்கவேண்டும். நனைந்த சாக்கைப் போட்டுத் திறக்கிற வீரத்தை என் பட்டறையில் நான் அனுமதித்ததில்லை.

இனி, இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகம் கற்பித்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். 1986ஆம் வருஷம் சித்திரை மாதம். நான் நாமக்கல்லில் சேலம் ரோட்டில் சொந்தமாகக் கொட்டகை போட்டு ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. ராசிபுரத்துப் பக்கம் சேகோ மில் வைத்திருந்த ஒரு பெரியவர், தம்முடைய மார்க் 3 அம்பாசிடரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் இரண்டு இடங்களில் தெர்மோஸ்டாட், சென்சார், பெரிய இறக்கை வைத்த ஃபேன் எல்லாம் மாற்றியாகிவிட்டது.

“ஏனுங்க மேஸ்திரி, கடைவீதியில மாட்டிக்கிட்டு நிக்கறப்ப முள்ளு பாதியிலேயே நிக்குதுங்க. ரோடு காலியா இருக்குதேன்னு கொஞ்சம் வெரட்டுனா ஏறுதுங்க. மறுபடி ஊருக்குள்ள வந்தா எறங்கிருது. ஒலகத்துல இருக்கற வண்டிக்கெல்லாம் இது தலைகீழுங்களே?”

அவர் சொன்ன ‘தலைகீழ்’ என்ற சொல்தான் நோயின் பெயர் என்பதை அவர் அறியவில்லை. கூட்டத்தில் ஊர்ந்து செல்லும் வண்டிக்குக் காற்று கிடையாது. ஃபேன் ஒன்றையே அது நம்பியிருக்கிறது. அப்போது சூடேறினால் ஃபேனையும் பெல்ட்டையும் ரேடியேட்டரின் இதழ்களில் அடைத்த தூசியையும் பார்க்கவேண்டும். காலியான ரோட்டில் விரட்டும்போதோ, எதிர்க்காற்றே ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. காற்று தாராளமாக இருந்தும் சூடேறுகிறதென்றால், குறைவது காற்றல்ல, தண்ணீரின் ஓட்டம். ஆகவே இரண்டு பட்டறைகளிலும் மாற்றிய ஃபேனுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளவேண்டியிருந்தது. ஹெட் கேஸ்கெட் விட்டிருந்தால், சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் புகுந்து, விரட்டும்போது இதேபோல ஏற்றமும் இறக்கமும் காட்டும். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஒரு நிமிஷத்துக்குள்ளாக இஞ்சினைக் கிளப்பி ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் பார்த்தேன். பெல்ட் இல்லாததால் வாட்டர் பம்ப் சுற்றாது. பம்ப் சுற்றாதபோது தண்ணீரில் குமிழி வந்தால் அது சிலிண்டரிலிருந்து வருகிற புகையே தவிர வேறில்லை. குமிழி வரவில்லை. ஆயில் மூடியின் அடியிலும் மோர் போன்ற வெண்மை இல்லை. பிளக்குகள் நான்கும் ஒரே நிறமாக இருந்தன. கேஸ்கெட் நிரபராதி என்று தெரிந்தது.

பிறகு பெரியவரையும் ஏற்றிக்கொண்டு புதன்சந்தை, புதுச்சத்திரம் வழியாக ஆண்டகளூர் கேட் வரையில் ஓட்டினேன். அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். மணிக்கு 70 கிலோமீட்டரில் முள் மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல் ஏறியது, தாவவில்லை, நடுங்கவில்லை, வேகத்தைக் குறைத்ததும் அதேபோல் மெல்ல இறங்கியது. ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். மேல் தொட்டி கை வைக்க முடியாத சூடு. நடுவில் ஓரிடம் அனல், அதற்குப் பக்கத்திலேயே ஒரு சாண் அகலத்துக்குக் குளிர்ச்சி, மறுபடியும் அனல். சூடான தண்ணீர் ஓடாத குழாய்கள்தான் அப்படிக் குளிர்ந்து கிடக்கும். பிறகு கீழ் ஹோஸை அமுக்கினேன். வெந்த கத்தரிக்காயைப் போல விரலுக்கு இணங்கியது.

அவரை ஓட்டுகிற இடத்தில் உட்காரவைத்து, “முதலாளி, மெதுவா ஆக்ஸிலேட்டர் கொடுங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க” என்று சொல்லிவிட்டு, டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். இஞ்சினின் சத்தம் உயர உயர, கை தடிமன் உருண்டையாக இருந்த அந்த ஹோஸ், சாறு உறிஞ்சிய மாம்பழத் தோலைப் போல நடுவில் ஒட்டிக்கொண்டது. ஆக்ஸிலேட்டரை விட்டதும் மறுபடியும் உருண்டது. அவரை இறங்கச் சொல்லி, நான் ஏறி உட்கார்ந்து, அவருடைய கண்ணாலேயே அதைப் பார்க்கச் செய்தேன். பம்ப் வேகமாகச் சுற்றும்போது அதிகத் தண்ணீர் கேட்கிறது. அடைபட்ட ரேடியேட்டரால் அவ்வளவு தர முடியவில்லை. கிடைக்காத தண்ணீருக்குப் பதிலாகப் பம்ப் ஹோஸின் சுவரையே உறிஞ்சி இழுக்க, வழி முற்றிலும் அடைபட்டு இஞ்சின் தாகத்தால் கொதிக்கிறது. மெதுவாகப் போகும்போது அந்த உறிஞ்சல் இல்லை. ஹோஸ் திறந்துகொள்ள, முள் இறங்குகிறது.

ஒரு புது ஹோஸைப் போட்டு, உள்ளே கம்பிச்சுருளும் வைத்து அனுப்பியிருந்தால், அன்றைக்கு அவர் திருப்தியோடு போயிருப்பார். ஆனால் ஹோஸ் காரியமே தவிரக் காரணமல்ல. ரேடியேட்டரைக் கழற்றி, நாமக்கல்லிலேயே ரேடியேட்டர் வேலை செய்கிற ஒருவரிடம் எடுத்துப் போனோம். அவர் மேல் தொட்டியின் ஈயப்பற்றை உருக்கித் திறந்தார். குழாய் வாய்களில் பாதிக்குமேல், பழுப்பும் வெண்மையும் கலந்த ஒரு படிவு மூடிக்கிடந்தது. தட்டையான எஃகுக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டு அவர் மேலும் கீழும் இழுக்க, கரகரவென்று உதிர்ந்த பொடியைப் பெரியவர் உள்ளங்கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்த்தார். ஆயுள் முழுவதும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்த மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் உறைந்ததை வெட்டி எடுத்த கை அது.

“தொட்டி அடியில மாவு நிக்கற மாதிரியே நின்னிருக்குதுங்களே” என்றார். பிறகு தாமாகவே, “மில்லு போர் தண்ணிதானுங்க டிரைவர் தெனமும் ஊத்துவான்” என்றார்.

மலைமலையாக மாக்னசைட் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிற சேலத்து மண்ணில், நிலத்தடி நீர் பல இடங்களில் மிகவும் கடினமானது என்பதைச் சோறு வடிக்கிற பெண்கள் எல்லாரும் அறிவார்கள். பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் பற்றுதான் அதற்கு அடையாளம். நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிற சுண்ணாம்பு உப்பும் மாக்னீசியம் உப்பும், சூடு பட்டதும் கரையாத பொருளாக மாறிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒருமுறை ஊற்றிய தண்ணீர் ஒருமுறைதான் படியும். தினமும் ஊற்றுகிற தண்ணீர் தினமும் படியும். அப்படியானால் தினமும் ஊற்றும்படி ஏன் நேர்ந்தது? ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்து அதன் ஸ்பிரிங்கை அழுத்தினேன், உயிரில்லை. ரப்பர் வளையமும் இறுகி வெடித்திருந்தது. அழுத்தத்தைத் தாங்காத அந்த மூடி, தினமும் கொஞ்சம் தண்ணீரை ஆவியாக விட்டது. விட்டதை நிரப்ப போர் தண்ணீர் வந்தது. போர் தண்ணீர் குழாயை அடைத்தது. அடைபட்ட குழாய் ஹோஸை ஒட்டவைத்தது. ஒட்டிய ஹோஸ் முள்ளை ஏற்றியது. ரேடியேட்டரில் அழுத்தம் நில்லாததனால் ஹோஸ் ஒட்டுவதும் சுலபமாயிற்று. வண்டியில் இருக்கிற மிக மலிவான சாமான்களில் ஒன்றாகிய அந்த மூடியிலிருந்து, டேஷ்போர்டில் ஆடிய முள் வரையில், ஒரு சங்கிலி கண்ணிவிடாமல் நீண்டிருந்தது. முள்ளைப் பிடித்தவர்கள் சங்கிலியின் கடைசிக் கண்ணியைத்தான் பிடித்தார்கள்.

மூடியும் ஹோஸும் புதிதாகப் போட்டு, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து பூட்டி, முன்சக்கரங்களைச் சற்று மேட்டில் ஏற்றி நிறுத்தி, உள்ளே சிக்கிய காற்றெல்லாம் குமிழ்விட்டு வெளியேறும் வரையில் மூடியில்லாமல் இஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீர் நிரப்பினோம். கூலண்டைக் கலக்கச் சொன்னேன். அது கொதிநிலையைச் சிறிது உயர்த்துவதோடு, துருவையும் தடுக்கும். அதோடு ஊற்றுகிற தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றுகிற மாதிரி வடித்த நீராகவோ, சுத்தமாகப் பிடித்த மழைநீராகவோ இருக்கட்டும் என்று சொன்னேன். சேகோ மில்லுக்கு நல்ல தண்ணீரின் அருமையை நான் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இப்போது என் பட்டறைக்கு வருகிற புதிய கார்களில், கம்ப்யூட்டர் அந்த முள்ளைத் தன் கையில் வைத்திருக்கிறது. சூடு ஓரளவு ஏறினாலும் இறங்கினாலும், ஓட்டுகிறவர் கலங்கவேண்டாமென்று நடுவிலேயே அதைப் பிடித்து நிறுத்திவைக்கிற வண்டிகள் பல. சிலவற்றில் முள்ளே இல்லை, ஒரு சிவப்பு விளக்கு மட்டும். அவற்றில் கோளாறைப் படிக்கக் கருவி இருக்கிறது. என் பையன்கள் அதை நன்றாகவே கையாளுகிறார்கள். ஆனால் அவர்கள் என்னிடம் சேருகிற முதல் மாதத்தில், கருவியைத் தொடுவதற்கு முன்னால், விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கிற ஒரு பழைய அம்பாசிடரின் மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் கழுத்துக்குள் விரலை விட்டுத் தண்ணீரின் அளவையும் நிறத்தையும் வழுவழுப்பையும் சொல்லும்படி கேட்பேன்.

அந்தச் சேகோ மில் பெரியவர் பத்து நாள் கழித்துக் காலையில் பட்டறைக்கு வந்தார். முந்தினநாள் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை போய், அறப்பளீஸ்வரரைத் தரிசித்து இறங்கி வந்திருக்கிறார். ஏறும்போது முள் பாதிக்கு மேல் ஒரு நூல் உயர்ந்து அங்கேயே நின்றதாகவும், வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் ஆறவிட்டு, விடிந்ததும் தாமே மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்ததாகவும் சொன்னார். தண்ணீர் கழுத்து மட்டத்திலேயே இருந்திருக்கிறது.

“முள்ளையும் பாத்தேனுங்க, தண்ணியையும் பாத்தேனுங்க” என்றார், “ரெண்டும் ஒரே பேச்சுத்தான் பேசுது.”